சிக்னலில் மட்டும் சாகும் ஃபியட்

அத்தியாயம் ஐந்து

"இவளுக்கு மறதி வந்துடுத்து" என்றார் வேதாந்தம், மனைவியை எதிரில் வைத்துக்கொண்டே. "பாவம், அது அவளுக்கே தெரியல."

ஹம்சா காபி டம்ளர்களை மேஜைமேல் வைத்தார். வைத்தபின் ஒவ்வொன்றையும் விரலால் ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டார். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளை ஒரே பார்வையில் உட்காரவைத்த வேதியியல் டீச்சர் அவர். ஓய்வு பெற்ற பின்னும் அடையாறிலும் தி. நகரிலும் வீட்டிலும் டியூஷன் எடுத்தவர். இப்போது ஒரு டம்ளரை வைத்ததற்குக்கூடச் சாட்சி தேடிக்கொண்டிருந்தார்.

எதிர் சோபாவில் அனுப்ரியா. இன்ஷூரன்ஸ் கம்பெனிக்காக விபத்து வண்டிகளைச் சோதித்துச் சொல்லும் சர்வேயராக இருந்து, அந்த வேலை அலுத்துப்போய், பாண்டி பஜாருக்குப் பின்னால் சொந்தமாகத் துப்பறியும் நிலையம் திறந்தவள். பக்கத்தில் அவளுடைய உதவியாளன் டில்லிபாபு. வாயை மூடத் தெரியாதவன். காபி குடிக்கும்போது மட்டும் கொஞ்சம் அமைதி கிடைக்கும்.

"விஷயம் இதுதான்." வேதாந்தத்தின் குரல் வழவழவென்று, யாரையும் புண்படுத்தாத குரலாக இருந்தது. "வண்டி என் மாமனாரோடது. பழைய ஃபியட். இவதான் ஓட்டறா. ஆத்து வாசல்ல நன்னா ஸ்டார்ட் ஆறது. பாதி வழியில, சிக்னல்ல ஆக்சிலேட்டர்லேர்ந்து காலை எடுத்தா நின்னுடறது. மெக்கானிக் முருகையன் வந்து வந்து பார்த்துட்டான். வண்டியில ஒண்ணுமில்லங்கறான். அப்ப தப்பு யார் மேல?"

"வண்டி மேல இல்ல, மெக்கானிக் மேல இல்ல. பெட்ரோல் மேல ஒரு கேஸு போட்டுடலாமா சார்?" என்றான் டில்லிபாபு.

வேதாந்தம் அவன் பக்கம் திரும்பவேயில்லை. "போன மாசம் கிரீன்வேஸ் ரோட்ல திரும்பறச்சே நின்னுது. பின்னால வந்த டெலிவரிக்காரன் மோதி விழுந்தான். முட்டி நொறுங்கிடுத்து. இனிமே அவன் நேரா நடக்கறது கஷ்டம்னுட்டார் டாக்டர். எல்லாம் இவளால."

ஹம்சா முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டார்.

"சோக்கை உள்ள தள்ள மறந்துடறா. கேட்டா தள்ளினேங்கறா. டியூஷன் பசங்களோட அப்பா அம்மாகிட்டல்லாம் நானே ஃபோன் பண்ணிட்டேன், இனிமே வேண்டாம்னு. நாளைக்குப் பாலவாக்கத்துல ஒரு ஹோம்ல கொண்டு விடறேன். நினைவு தப்பினவாளுக்குன்னே நடத்தறா. எப்பவும் பூட்டித்தான் வெச்சிருப்பா, எங்கயும் ஓடிப்போக முடியாது. ஆனா இவ, வண்டியிலதான் கோளாறுன்னு ஒரே பிடிவாதம். நீங்க பார்த்து, வண்டி சுத்தமா இருக்குன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டேள்னா இவ நிம்மதியாப் போயிடுவா."

"வண்டியில கோளாறு இருந்தா?" என்று கேட்டாள் அனுப்ரியா.

"இருக்காது" என்றார் வேதாந்தம்.

*

கேசவப் பெருமாள் கோயிலுக்குப் பின்னால் ஒடுங்கிக் கிடந்த தெரு அது. வீட்டின் பக்கவாட்டு ஷெட்டில் ஃபியட் நின்றது. இரவெல்லாம் ஆறிக் கிடந்த எஞ்சின். ஆறிய எஞ்சின் பிடிக்கக் கூடுதல் பெட்ரோல் கொடுக்கும் சோக்கை அனுப்ரியா இழுத்துச் சாவியைத் திருப்பினாள். உடனே பிடித்துக்கொண்டது. சோக்கை மெல்ல உள்ளே தள்ளினாள். ஆக்சிலேட்டரைத் தொடாமலே எஞ்சின் சமர்த்தாக ஓடியது.

சோக்குக் குமிழில் வாடிய முல்லைச் சரம் ஒன்று தொங்கியது. வேதாந்தம் அதைச் சுட்டிக்காட்டினார். "பாருங்கோ. பூவை வாங்கினா இதுலதான் மாட்டுவா. அந்தக் கனத்துல சோக் வெளிய வந்துடறது. சொன்னா மண்டையில ஏறல."

"ஒரு முழம் முல்லைக்கே சோக் வெளிய வருதுன்னா, தாமரை மாட்டினா இன்ஜினே கயண்டுகினு வந்துடுமே சார்" என்றான் டில்லிபாபு.

அனுப்ரியா பானெட்டைத் தூக்கினாள். கார்புரேட்டரில், காலை எடுத்தபின் எஞ்சினுக்குப் பெட்ரோல் விடும் ஐட்லிங் ஜெட்டைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். துளி அழுக்கில்லை. பெட்ரோல் நிற்க வேண்டிய மட்டத்தில் நின்றது. காற்றையும் பெட்ரோலையும் கலந்து கொடுக்கும் திருகின் தலையில் முருகையன் வைத்த சிவப்புப் பெயின்ட் பொட்டு விரிசல் விடாமல் இருந்தது. யாரும் அதைத் திருகியதில்லை. பிளக்குகளும் யோக்கியம்தான்.

"ஒண்ணுமில்லையோன்னோ?" என்றார் வேதாந்தம்.

"ஆறின எஞ்சின் நல்லா பொய் சொல்லும் சார். சூடேத்திட்டுத்தான் விசாரிக்கணும். டீச்சர், ஒரு ரவுண்டு போயிட்டு வரலாமா?"

"நானும் வரேன். எப்பவும் பக்கத்துல நான்தான் உக்காருவேன்."

"இன்னைக்கு அந்த சீட் எனக்கு சார்."

வேதாந்தம் முகம் சுளிக்கவில்லை. பெருமாளுக்குத் திருவாராதனம் பாக்கியிருக்கிறது என்று சொல்லிக்கொண்டே உள்ளே போய்விட்டார்.

*

ஹம்சா ஓட்டுவதை அனுப்ரியா பார்த்துக்கொண்டே வந்தாள். ஓட்டுவதில் ஒரு குறையும் இல்லை. கியர் மாறுவதே தெரியவில்லை. ஆனால் நொடிக்கொரு தரம் இடது கை சோக்குக் குமிழுக்குப் போய், ஏற்கெனவே உள்ளே இருந்ததை மறுபடி உள்ளே தள்ளிப் பார்த்தது.

"உள்ளதானே இருக்கு?" என்று கேட்டார்.

"உள்ளதான் இருக்கு டீச்சர்."

"நீங்களும் பார்த்தேளோன்னோ?"

மந்தைவெளியில் மெட்ரோ வேலைக்காகச் சாலையை மறித்து, ஊரிலுள்ள வண்டிகளை எல்லாம் ஒரு சந்துக்குள் திருப்பிவிட்டிருந்தார்கள். வெயில் கூரைக்குள் இறங்கியது. வண்டி ஊர்ந்து ஊர்ந்து சிக்னலுக்கு வந்தபோது எஞ்சின் குலுங்கத் தொடங்கியது. ஹம்சா பிரேக்குக்குக் காலை மாற்றினார். எஞ்சின் இரண்டு தடவை விக்கிவிட்டு நின்றுபோனது.

பின்னால் ஹாரன்கள் கூப்பாடு போட்டன. பைக்கில் வந்த ஒருவன் ஜன்னலில் குனிந்து, "ஏ பாட்டி, இத்த மியூசியத்துல வுட்டுட்டு பஸ்ல போ!" என்று கத்தினான்.

"மொதல்ல ஹெல்மெட்ட போடு நைனா!" பின்சீட்டிலிருந்து டில்லிபாபு தலையை நீட்டினான். "உள்ள காப்பாத்த எதுனா கீதான்னு அப்பால பாக்கலாம்!"

ஹம்சாவுக்கு இது எதுவும் கேட்கவில்லை. "மன்னிச்சுக்கோங்கோ. நான்தான் எதையோ பண்ணிட்டேன். என்னன்னு தெரியல. மன்னிச்சுக்கோங்கோ" என்று ஸ்டியரிங்கைப் பார்த்தே சொல்லிக்கொண்டிருந்தார். பக்கத்தில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதே அவருக்கு மறந்திருக்க வேண்டும். தினமும் யாரிடமோ கேட்டுப் பழகிய மன்னிப்பு அது.

மூவருமாக வண்டியை இளநீர்க் கடையோரம் ஒதுக்கினார்கள். ஹம்சாவை ஆக்சிலேட்டரை அழுத்தியபடி எஞ்சினை ஓடவிடச் சொல்லிவிட்டு, அனுப்ரியா ஒரு முழ ரப்பர் டியூபின் ஒரு முனையைக் காதில் வைத்துக்கொண்டாள். மறுமுனையை எஞ்சினின் இண்டு இடுக்கெல்லாம் நகர்த்தினாள்.

"இன்னா மேடம், ஜொரமா அதுக்கு?"

"மூச்சு எங்க திருட்டுத்தனமா போகுதுன்னு பாக்குறேன். எஞ்சினுக்குக் காத்தை அளந்து குடுக்குறது கார்புரேட்டர். அதைத் தாண்டி வேற வழியா காத்து உள்ள போனா, வேகமா ஓடுறப்ப ஒண்ணும் தெரியாது. காலை எடுத்ததும் செத்துடும்."

டியூப் ஓரிடத்தில் நின்றது. கார்புரேட்டருக்குக் கீழே, காற்றும் பெட்ரோலும் எஞ்சினுக்குள் நுழையும் குழலின் பக்கவாட்டில் சுண்டுவிரல் அளவுக்கு ஒரு குட்டிக் குழாய். எந்தக் காலத்திலோ எதற்கோ வைத்தது. இப்போது அதை ரப்பர் மூடி போட்டு அடைத்திருந்தார்கள். அங்கேதான் உஸ்ஸென்று சத்தம். அனுப்ரியா மூடியின் அடிப்பக்கத்தைத் தடவினாள். கண்ணுக்குப் படாத இடத்தில் பயறு அளவுக்கு ஓர் ஓட்டை. கூரான எதனாலோ அழகாகக் குடைந்திருந்தார்கள்.

ஓட்டையைக் கட்டைவிரலால் பொத்தினாள். குலுக்கல் அடங்கியது.

"டீச்சர், காலை எடுங்க."

"நின்னுடும்மா."

"எடுங்க."

ஹம்சா காலை எடுத்தார். எஞ்சின் நிற்கவில்லை. சீராக, அலட்டிக்கொள்ளாமல் ஓடியது. அவர் ஸ்டியரிங்கின்மேல் நெற்றியைச் சாய்த்துக்கொண்டார். தோள்கள் குலுங்கின. சந்தோஷத்தில் அழுகிறவர்களை அனுப்ரியா பார்த்திருக்கிறாள். இவ்வளவு பயந்துகொண்டே சந்தோஷப்பட்டவர்களைப் பார்த்ததில்லை.

எஞ்சினை நிறுத்திவிட்டு மூடியைக் கழற்றினாள். டில்லிபாபு மூக்கை நீட்டினான். "மேடம், இதுல சக்கரைப் பொங்கல் வாசன வருது."

"பசிக்குதா?"

"பசி எப்பவும்தான் கீது. அது வேற. இது பெருமாள் கோயில் பொங்கலு. எங்க ஏரியா அம்மன் கோயில் பொங்கல்ல இந்த வாசன வராது."

அனுப்ரியா முகர்ந்தாள். மூடிக்குள் உப்புப் பொடி போல வெள்ளையாக நாலைந்து துகள்கள் ஒட்டியிருந்தன. ஒன்றை எடுத்து உள்ளங்கையில் தேய்த்தாள். ஜில்லென்றது, கொஞ்ச நேரத்தில் காணாமல் போனது.

"கற்பூரம்" என்றாள். "ஓட்டையைக் கற்பூரத்தால அடைச்சிருக்காங்க. எஞ்சின் ஆறியிருக்கிற வரைக்கும் காத்து போகாது. சூடு ஏற ஏற..."

"பதங்கமாதல்."

கதவைத் திறந்துகொண்டு ஹம்சா வந்து நின்றிருந்தார். குரல் வகுப்பறைக் குரலாகியிருந்தது. "திடப்பொருள் உருகாம நேரா ஆவியாறது. அந்த ஆவியையும் எஞ்சினே உறிஞ்சி எரிச்சுடும். மிச்சம்னு ஒண்ணு இருக்காது. மறுநாள் மெக்கானிக் வரச்சே, புதுசா அடைச்சு வெச்சிருந்தா அவனுக்கு எதுவும் தெரியாது." பதில் சொல்லி முடித்ததும் அந்த முகம் வெளிறியது. "அப்ப தினம் யாரோ வைக்கணுமே. ஷெட்டுச் சாவி ஆத்துக்குள்ளன்னா இருக்கு? நானே வெச்சிருப்பேனோ? வெச்சுட்டு மறந்துட்டேனோ?"

இதுவரை கிடைத்த சந்தோஷம் இளநீர்க் கடை வாசலிலேயே முடிந்துவிட்டது. ஒருத்தியை அவள்மேலேயே சந்தேகப்பட வைத்துவிட்டால் அப்புறம் வேறு எதிரியே தேவையில்லை.

"அய்ய, நீ சொம்மா இரு டீச்சரம்மா" என்றான் டில்லிபாபு. "எல்லாம் அந்த முருகையன் வேலையா இருக்கும்."

"முருகையன் கூப்பிட்டா வர்ற ஆள். இது தினப்படி வேலை" என்றாள் அனுப்ரியா. "டீச்சர், வீட்ல கற்பூரம் ஏத்துவீங்களா?"

"மாட்டோம். கடைக் கற்பூரத்துல என்னத்தையோ கலக்கறான், ஆசாரமில்லன்னு இவர் வாசப்படி தாண்ட விடமாட்டார். நெய்த்திரிதான். ஏத்தற கற்பூரமே ஆத்துல கிடையாது."

அனுப்ரியா மூடியை மறுபடி முகர்ந்து பார்த்தாள். பிறகு பைக்குள்ளிருந்து ஒரு துண்டு டியூபை எடுத்து, அதில் போல்ட்டைச் செருகி, அந்தக் குட்டிக் குழாயை இறுக்கமாக அடைத்தாள். "வீட்டுக்கே திரும்பலாம்" என்றாள்.

*

வேதாந்தம் பளிச்சென்ற திருமண்ணும் பஞ்சகச்சமுமாகக் கூடத்தில் உட்கார்ந்திருந்தார். "நின்னுதா?" என்றார்.

"மந்தைவெளியில நின்னுது சார்."

"நான் சொல்லல?" அவர் மனைவியைப் பரிவோடு பார்த்தார். "அழுதியா? கண்ணெல்லாம் செவந்திருக்கே."

அனுப்ரியா கைகூப்பினாள். "கெளம்புறதுக்கு முன்னாடி கொஞ்சம் பெருமாள் தீர்த்தம் கிடைக்குமா சார்?"

வேதாந்தத்துக்குப் பூரிப்பு. உள்ளே போய் வெள்ளி வட்டிலோடு வந்தார். இரண்டு பேருக்கும் உத்தரணியால் உள்ளங்கையில் ஊற்றினார். அனுப்ரியா கையை மூக்கருகே கொண்டுபோய் ஒரு கணம் வைத்திருந்து குடித்தாள். டில்லிபாபு உறிஞ்சிவிட்டுக் கண்ணை மூடினான்.

"அடேங்கப்பா! கோயில்லகூட இப்டி மணக்காது சார். இன்னா போட்றீங்க?"

"பச்சைக் கற்பூரம். அசல் சரக்கு. கண்ட இடத்துல வாங்க மாட்டேன்."

"டீச்சரம்மா பொடிச்சுக் குடுப்பாங்களா?"

"இவளா?" வேதாந்தம் சிரித்தார். "பெருமாள் எழுந்தருளியிருக்கற கோயிலாழ்வார் பெட்டிகிட்டயே வரப்படாது. கல்யாணமான நாள்லேர்ந்து அந்தக் கற்பூர டப்பிய என்னைத் தவிர ஒரு கை தொட்டதில்லை. அத்தனை ஆசாரம்."

"வேற யாருமே தொட்டதில்லையா சார்? டீச்சர் ஞாபகமறதியில ஒரு தடவை எடுத்திருக்கலாமே?"

"சான்ஸே இல்ல. பெட்டிச் சாவி என் பூணூல்ல தொங்கறது, பாருங்கோ. பெருமாள் சாட்சியாச் சொல்றேன்."

அனுப்ரியா பையைத் திறந்து ரப்பர் மூடியை அவர் எதிரில் வைத்தாள். "அப்ப இதுக்குள்ள ஒட்டியிருக்கிற பச்சைக் கற்பூரத்தை எந்தக் கை வெச்சுது சார்?"

வேதாந்தத்தின் விரல் தானாகப் பூணூலுக்குப் போய், அங்கே தொங்கிய சாவியை மூடிக்கொண்டது. அதற்குமேல் அவர் வாக்குமூலம் எதுவும் தர வேண்டியிருக்கவில்லை.

"பொட்டிக்கடைக் கற்பூரத்தை வெச்சிருந்தீங்கன்னா நான் தெருவுல பாதிப் பேரைச் சந்தேகப்பட்டிருப்பேன். டீச்சரையும் சேர்த்து" என்றாள் அனுப்ரியா. "ஆனா அதைக் கையால தொட உங்க ஆசாரம் விடல. அக்கிரமம் பண்றதுக்குக்கூட சுத்தமான சரக்கு வேணும் உங்களுக்கு."

"வண்டிக்குத் தெனம் நைவேத்தியம் பண்ணிகினு இருந்துகீறாரு மேடம்" என்றான் டில்லிபாபு.

ஹம்சா தூணோரம் நின்றிருந்தார். கத்தவில்லை. "பதங்கமாதல் உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றுதான் முதலில் கேட்டார்.

"நீதானே பசங்களுக்குச் சொல்லிக்குடுத்தே." வேதாந்தத்தின் குரலில் அந்த வழவழப்பு இப்போது இல்லை. "இந்தக் கூடத்துல உக்காந்து வருஷா வருஷம் கேட்டுண்டுதானே இருந்தேன்."

"எதுக்கு இதெல்லாம்?"

"லைசென்ஸ் எடுக்கப் போன அன்னிக்கு நான் எட்டு போடத் தெரியாம முழிச்சேன். நீ போட்டே. உங்கப்பா அத்தனை பேர் முன்னால சிரிச்சார். மாப்பிள்ளைக்குப் பக்கத்து சீட்டு போதும்னார். அன்னிலேர்ந்து பக்கத்து சீட்டுலதான் உக்காந்திருக்கேன். அந்த ஸ்டியரிங்கைப் பிடிச்சுண்டு நீ முழிக்கறதை ஒரு நாள் பாக்கணும்னு தோணித்து. பார்த்தேன். ஒரு நாள் போறல."

"எனக்குப் பைத்தியம் பிடிச்சுடுத்துன்னு நெனச்சு ராத்திரியெல்லாம் அழுதேனே. பக்கத்துலதானே படுத்துண்டிருந்தேள்?"

"அது தானா நடந்துது. நான் அவ்வளவு எதிர்பார்க்கல" என்றார் வேதாந்தம். கேட்காமலே கிடைத்த பரிசைப் பற்றிப் பேசுகிற தோரணையில்தான் சொன்னார்.

"அந்த டெலிவரிக்காரரோட முட்டி?" என்றார் ஹம்சா.

வேதாந்தம் தீர்த்த வட்டிலை ஓரமாக நகர்த்தி வைத்தார்.

"அது போலீஸ் கேஸ் சார்" என்றாள் அனுப்ரியா. "இந்த மூடியும் என்னோட சாட்சியமும் போதும்."

"ஹம்சா." வேதாந்தம் எழுந்தார். "கோயில்ல, தெருவுல, எல்லார் முன்னாலயும் மானம் போயிடும். அவாளைப் போகச் சொல்லு. நாம பேசிக்கலாம்."

ஹம்சா வகுப்பில் பேசுகிற பிள்ளையை அடக்குவதுபோலக் கையைத் தூக்கினார். வேதாந்தம் மறுபடி உட்கார்ந்துவிட்டார்.

"ரெண்டு இடம் இருக்கு" என்றார் ஹம்சா. "ஒண்ணு போலீஸ் ஸ்டேஷன். இன்னொண்ணு பாலவாக்கம். ஒருத்தருக்கு அறை சொல்லி வெச்சிருக்கேள். அதை எதுக்கு வீணடிக்கணும்? எங்கன்னு நீங்களே சொல்லுங்கோ, இன்னிக்கே கொண்டு விடறேன்."

"என்னடி பேத்தறே? எனக்கு என்ன ஞாபகக் குறைவு? அவாளே என்னைச் சேத்துக்க மாட்டா."

"சேத்துப்பா. என்னைப் பத்தி என்னல்லாம் சொன்னேளோ, அதையே ஆளை மாத்திச் சொல்றேன். நீங்க இல்லைன்னு கத்துவேள். இவருக்கு மறதி, அது அவருக்கே தெரியலன்னு நான் சொல்லுவேன். கத்தக் கத்த அவா நம்புவா."

வேதாந்தம் அனுப்ரியாவைப் பார்த்தார். நியாயப்படி அனுப்ரியா தடுத்திருக்க வேண்டும். மூடியை எடுத்துக்கொண்டு நேராக ஸ்டேஷனுக்குப் போயிருக்க வேண்டும். அவளுக்கும் அந்தக் கிழவரின்மேல் அப்போது ஆத்திரம் இருந்தது. மூடியைப் பைக்குள் போட்டுக்கொண்டு, "இது என்கிட்ட பத்திரமா இருக்கும் டீச்சர். எப்ப வேணும்னாலும் கேளுங்க" என்று மட்டும் சொன்னாள்.

வேதாந்தத்துக்கு ஸ்டேஷன் வாசலில் மாப்பிள்ளைப் பந்தா செல்லாது என்பது புரிந்திருக்க வேண்டும். ஒரு பையில் துணியை எடுத்துக்கொண்டு, கோயிலாழ்வார் பெட்டியை மார்போடு அணைத்தபடி வந்து ஃபியட்டில் ஏறினார். வேறெங்கே உட்காருவது? பக்கத்து சீட்டில்தான்.

"மேடம், நாம இப்ப ஒரு அநியாயத்தத் தடுத்தமா, இல்ல ஒண்ணுக்குத் தொணை போனமா?" தெருவில் நின்றபடி டில்லிபாபு கிசுகிசுத்தான்.

"தெரியல. நீ வாயை மூடு."

ஹம்சா எஞ்சினை ஓடவிட்டு, ஆக்சிலேட்டரில் கால் வைக்காமல் தெரு காலியாகக் காத்திருந்தார். எஞ்சின் பிசிறில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. அவர் கை சோக்குப் பக்கம் போகவேயில்லை.

"எப்ப வந்து என்னை அழைச்சுண்டு போவே?" பெட்டிக்குப் பின்னாலிருந்து வேதாந்தம் கேட்டார். அந்தக் குரல் உடைந்திருந்தது, நிஜமாகவே உடைந்திருந்தது.

ஹம்சா கியரைப் போட்டார்.

"ஞாபகம் இருந்தா வரேன்" என்றார்.